பரிவுக்குப் பதினைந்து மார்க்

பரிவு என்றால் என்ன என்று யாராவது கேட்டிருந்தால் ஒரு காலத்தில் நான் தயங்காமல் பதில் சொல்லியிருப்பேன். நூற்றுக்குப் பதினைந்து. அதற்கு மேல் யாருக்கும் தேவைப்படாது. அதற்குக் கீழே போனால் நான் விடமாட்டேன்.

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலையைப் பார்த்து நிற்கும் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் எனக்கு வேலை. ஓர் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்கு வரும் தொலைபேசி அழைப்புகளை எடுத்துப் பதில் சொல்லும் அலுவலகம் அது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இளம்பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பேசுவார்கள். நான் பேசுகிறவள் இல்லை. அவர்கள் பேசியதன் பதிவை ஓரமாக ஓர் அறையில் உட்கார்ந்து கேட்டு மார்க் போடுகிறவள். பிள்ளைகளுக்கு நான் ‘குவாலிட்டி மேடம்’. முதுகுக்குப் பின்னால் வேறு பெயர்களும் உண்டு. அவற்றில் இரண்டு எனக்குத் தெரியும், பொருத்தமாகத்தான் இருந்தன.

மார்க் போட ஒரு தாள் இருந்தது. வணக்கம் சொன்னால் ஐந்து. வாடிக்கையாளரின் பெயரை இரண்டு முறையாவது சொன்னால் ஐந்து. இப்படியே போய் நடுவில் ஒரு கட்டம் வரும்: பரிவு, ஆங்கிலத்தில் ‘எம்பதி’, பதினைந்து. அதை எப்படி அளப்பது என்றும் கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. வாடிக்கையாளர் ஏதாவது கஷ்டத்தைச் சொன்னால் உடனே, “உங்கள் வருத்தத்தை என்னால் முழுமையாகப் புரிந்துகொள்ள முடிகிறது” என்று சொல்ல வேண்டும். சொன்னால் பதினைந்து. ‘முழுமையாக’ என்ற வார்த்தையை விட்டுவிட்டால் பத்து. வாடிக்கையாளரின் மகன் லாரியில் அடிபட்டிருக்கலாம், வீடு தண்ணீரில் போயிருக்கலாம், எல்லாவற்றையும் இருபது வயதுப் பிள்ளை மூன்று விநாடியில் முழுமையாகப் புரிந்துகொண்டாக வேண்டும்.

அப்புறம் ‘டெட் ஏர்’ என்று ஒன்று. பேச்சு நின்று, எங்கள் பிள்ளை வாயே திறக்காமல் இருக்கும் நேரத்துக்கு அந்தப் பெயர். பத்து விநாடிக்கு மேல் போனால் மார்க் போய்விடும். இதில் என் காது பெயர் பெற்றது. கடிகாரத்தைப் பார்க்காமலே ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் வித்தியாசம் சொல்லிவிடுவேன். இதைப் பெருமையாக நான்கு பேரிடம் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. பேசுகிறவர் பாலிசி எடுத்தவர் இல்லை என்றால், “பாலிசிதாரர் பக்கத்தில் இருக்கிறாரா? அவரிடம் போனைக் கொடுக்க முடியுமா?” என்று கண்டிப்பாகக் கேட்க வேண்டும். ஊரான் பாலிசியை வேறு எவனாவது விசாரித்து ஏமாற்றிவிடக் கூடாதே என்று போட்ட விதி. நல்ல விதிதான். ஆனால் அதை எழுதிய புண்ணியவான், தான் வேலை பார்ப்பது ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியில் என்பதை மறந்துவிட்டார். எங்களுக்கு வரும் அழைப்புகளில் பாதி, பாலிசிதாரர் செத்துப்போனதால் வருவது. அந்த அழைப்புகளிலும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் மொத்த மார்க்கும் பூஜ்யம். இதற்கு ‘ஃபேட்டல்’ என்று பெயர். தகுதிகாண் காலத்தில் மூன்று ஃபேட்டல் வாங்கினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். “எங்க அப்பா தவறிட்டாருங்க” என்று ஒருத்தர் சொல்வார். “உங்கள் வருத்தத்தை என்னால் முழுமையாகப் புரிந்துகொள்ள முடிகிறது சார். அப்பாவிடம் போனைக் கொடுக்க முடியுமா?” என்று இந்தப் பக்கம் கேட்கும். நான் பதினைந்து போடுவேன். ஒரு நாளாவது சிரித்தேனா, ஒரு நாளாவது வெட்கப்பட்டேனா என்றால், இல்லை. இந்த மாதிரி ஒரு காரியத்தைச் செய்ய நன்றாகப் படித்திருக்க வேண்டும். படிக்காதவர்களால் முடியாது.

நான் சொல்லும் பெண் எங்களிடம் சேர்ந்தது ஒரு புரட்டாசியில். அனகாபுத்தூர்ப் பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். அப்பா கிடையாது, அம்மா பம்மலில் இரண்டு வீடுகளில் சமையல் செய்கிறவள். வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான் என்பதை, விண்ணப்பத்தில் அவள் எழுதியிருந்த விதத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம். பட்டத்தைப் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடிட்டிருந்தாள். போனில் பேசும்போது அடக்கமான தமிழ் பேசுவாள், பதற்றம் வந்தால் ஊர்ப்பேச்சு எட்டிப்பார்த்துவிடும். சேர்ந்த ஒரு மாதத்துக்குள் இரண்டு ஃபேட்டல் வாங்கியிருந்தாள். இரண்டுமே சாவு அழைப்புகள். இரண்டிலும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பரிவுப் பயிற்சி என்று ஒரு நாள் முழுக்க வகுப்பு நடந்தது. வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். மழைக்காலத் தாம்பரத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்ததிலேயே மனிதருக்குத் தன் உடம்பின் மேல்கூடப் பரிவில்லை என்று தெரிந்தது. அவர் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு அறையைச் சுற்றி நடக்கச் சொன்னார். அடுத்தவர் கஷ்டம் அப்போதுதான் புரியுமாம். நம் ஊரில் அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தால் கோயில் வாசலில் வைத்து உதைப்பார்கள். இங்கே அதற்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

எனக்கு ஜோடியாக வந்தவள் அந்தப் பெண். அவள் செருப்பின் வார் அறுந்து, அடியில் ஊக்கு குத்தி இணைத்திருந்தது. நான் போடப் போனபோது, “மேடம், சும்மா கைல வச்சிக்கங்க, ஊக்கு குத்திடும்” என்றாள். நான் ஒப்புக்கொள்ளாமல் மாட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்தேன், குத்தத்தான் செய்தது. முடிந்ததும் பயிற்சியாளர், “என்ன உணர்ந்தீங்க மேடம்?” என்று கேட்டார். “அவங்க வாழ்க்கையை உணர்ந்தேன் சார்” என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்குப் புதுச் செருப்பு வாங்க வக்கிருக்கிறதா என்று நானும் கேட்கவில்லை, அந்த அறையில் வேறு யாரும் கேட்கவில்லை. சான்றிதழை இன்னும் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது ஃபேட்டல் ஐப்பசி மழையில் வந்தது. பதிவை நான்தான் கேட்டேன். மதுராந்தகத்துக்கு உள்ளே ஏதோ கிராமத்திலிருந்து ஓர் அம்மா. அறுபது வயதுக் குரல். புருஷன் போய் பதினாறு நாள் ஆகிறது. அவர் பெயரில் ஒரு பாலிசி இருப்பதாக யாரோ சொன்னார்களாம், என்ன செய்வது என்று தெரியவில்லை. இதைச் சொல்லி முடிக்கும் முன்பே அழ ஆரம்பித்துவிட்டாள்.

இந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. வருத்தத்தைப் புரிந்துகொள்ளவில்லை, முழுமையாகவும் புரிந்துகொள்ளவில்லை. சும்மா இருந்தாள். நாற்பத்தொரு விநாடி. அந்த அம்மா அழுது ஓய்ந்து, “இருக்கியா பாப்பா?” என்று கேட்டபோது, “இருக்கேம்மா” என்றாள், அவ்வளவுதான். அப்புறம் பாலிசிப் பத்திரம் வீட்டில் எங்கே இருக்கும் என்று கேட்டு, பெட்டியிலிருந்து எடுத்துவரச் சொல்லிக் காத்திருந்தாள். பத்திரம் வந்தது. அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

“பஸ் நம்பர் படிப்பீங்களாம்மா?”

“அது தெரியும். பஸ்ஸு நம்பரு பாத்துதான ஏறுவேன்.”

“அதே மாரிதான் இதுவும். மேல பெரிசா ஒரு நம்பர் கீதா பாருங்க. பஸ்ஸு வருதுன்னு நெனச்சிகினு ஒண்ணு ஒண்ணா படிங்க. நான் எழுதிக்கறேன்.”

ஒன்பது இலக்கத்தை இரண்டு பேரும் சேர்ந்து படித்து முடிக்க ஆறு நிமிடம் ஆயிற்று. ஓர் இலக்கத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டு அந்த அம்மா, “அய்யோ, வேற பஸ்ல ஏறிட்டேன்” என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். புருஷன் செத்த பதினாறாம் நாள் ஒருத்தி சிரித்த சத்தத்தை நான் ஹெட்போனில் கேட்டேன். பிறகு என்னென்ன காகிதம் அனுப்ப வேண்டும் என்று இவள் சொல்லி, அதையே அந்த அம்மாவைத் திருப்பிச் சொல்லவைத்து, அப்புறம்தான் வைத்தாள். மொத்தம் இருபத்திரண்டு நிமிடம். எங்கள் கணக்கில் ஓர் அழைப்புக்கு ஆறு நிமிடம்.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டது நிஜம். அதை மறைக்க மாட்டேன். துடைத்த கையோடு உட்கார்ந்து, பரிவுக்கு பூஜ்யம், டெட் ஏருக்கு பூஜ்யம், பாலிசிதாரரிடம் போனைக் கொடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை ஆகவே ஃபேட்டல், மொத்தம் பூஜ்யம் என்று போட்டேன். கண்ணீர் வருகிறவர்கள் எல்லாம் நல்லவர்கள் என்று எவன் சொன்னானோ. எனக்கு சீரியல் பார்த்தால்கூட வரும்.

மூன்றாவது ஃபேட்டல் என்பதால் அந்தப் பதிவை ஒரு கூட்டத்தில் போட்டுக் கேட்க வேண்டும். மேலாளர், அந்தப் பெண்ணின் டீம் லீடர், நான், இன்னும் இரண்டு பேர். ஏ.சி. அறை, மேஜையில் வெங்காயச் சமோசா. ஸ்பீக்கரில் அந்த அம்மா அழுதாள். அழுகை நடுவில் மேலாளர் நிறுத்தினார், சட்னி எடுத்துக்கொள்வதற்காக. மறுபடி ஓடவிட்டு, “இந்த இடத்துல எவ்ளோ செகண்ட் மேடம்?” என்று என்னைக் கேட்டார். “நாற்பத்தொண்ணு சார்” என்றேன், கடிகாரம் பார்க்காமல். இரண்டு பேர் என்னை மெச்சுதலாகப் பார்த்தார்கள்.

டீம் லீடர் கொஞ்சம் மனசாட்சி உள்ள மனிதர். “சார், ‘இருக்கேம்மா’ன்னு சொல்றா இல்ல, அதை எம்பதியா எடுத்துக்கிட்டு அஞ்சு மார்க்காவது குடுக்கலாமே” என்றார்.

“இருக்கேங்கறது எம்பதி இல்லப்பா. அது அட்டெண்டன்ஸ்” என்றார் மேலாளர்.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அப்புறம் அவர் சமோசாவைக் கீழே வைத்துவிட்டு, “பாவம், மூணாவது. ஃபேட்டலை எடுத்துட்டு சாதாரணத் தப்பா மாத்தறதுன்னா மாத்திடுங்க. உங்க இஷ்டம் மேடம்” என்றார். அந்த மேலாளரை நான் எவ்வளவோ கரித்துக்கொட்டியிருக்கிறேன், ஆனால் அந்த ஒரு நிமிடம் கதவைத் திறந்து பிடித்தவர் அவர்தான். சாத்தியவள் நான். “பதினொரு வருஷத்துல போட்ட மார்க்கை மாத்தினது இல்ல சார்” என்றேன். அந்தப் பெண்ணின் வேலை ஒரு பக்கம், என் பதினொரு வருஷப் பெருமை ஒரு பக்கம். எனக்கு எது பெரியதாகத் தெரிந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்று மாலை அவளைக் கூப்பிட்டுச் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. எதிரே உட்கார்ந்தாள். கையில் நோட்டும் பேனாவும். திருத்திக்கொள்ள வேண்டியதை எழுதிக்கொள்ள வந்திருக்கிறாள்.

“அந்தக் கேள்வியை ஏன் கேட்கலை?”

“அவங்க வூட்டுக்காரர் செத்துட்டார்னு சொல்றாங்க மேடம். அவர்கிட்ட போன குடுங்கன்னு எப்டி கேக்கறது?”

“கேட்டுட்டு சாரி சொல்லலாம்ல?”

இதை நான்தான் சொன்னேன். என் வாயால்தான்.

“சரி, அவ்ளோ நேரம் ஏன் பேசாம இருந்தே? ஒரு எம்பதி ஸ்டேட்மென்ட் சொல்லியிருக்கலாமே.”

“மேடம், நீங்க பொழிச்சலூர்தான? நம்ம பக்கம் தலைக்கு மேல பிளேன் போனா இன்னா பண்ணுவோம்? பேசிகினு இருந்தா நிறுத்திடுவோம். போனப்பறம் உட்ட எடத்துலேர்ந்து பேசுவோம். அது போறப்ப கத்தினாலும் யாருக்கும் கேக்காது. அவங்க அழுதுகினு இருந்தாங்க. அது போவட்டும்னு இருந்தேன்.”

விமான நிலையத்தை ஒட்டிய எங்கள் பகுதிகளில் எல்லோருக்கும் உள்ள வழக்கம் அது. கல்யாணப் பேச்சானாலும் சண்டையானாலும், விமானம் வந்தால் வாயைப் பாதியில் மூடிக்கொண்டு நிற்போம். நானும் இருபது வருஷமாக அப்படி நின்றிருக்கிறேன். அவள் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. முழுமையாகவே புரிந்தது. புரிந்துகொண்டு தாளை அவள் பக்கம் தள்ளி, கையெழுத்துப் போடச் சொன்னேன். போடும் முன் ஒன்று கேட்டாள். “அந்தம்மா பேப்பர் அனுப்பறேன்னாங்க மேடம். திருப்பி போன் பண்ணா யாராச்சும் பொறுமையா பேசச் சொல்றீங்களா?” சொல்கிறேன் என்றேன். யாரிடமும் சொல்லவில்லை.

பரிவைப் பற்றி நம் ஜனங்களுக்கு உள்ள ஆர்வத்தை நினைத்தால் எனக்கு இப்போதெல்லாம் வயிறு எரிகிறது. எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் இரண்டாவது மாடிக்காரரின் தந்தை இறந்த செய்தி வந்தது. பொழுது சாய்வதற்குள் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து குவிந்தன. ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல். ஆழம் எவ்வளவு என்றால், மூன்றாவது மாடியிலிருந்து இரண்டாவது மாடிக்கு இறங்கி வர முடியாத அளவு ஆழம். இரங்கல்களுக்கு நடுவே ஒருவர், “நாளைக்குத் தண்ணி லாரி உண்டா?” என்று கேட்டிருந்தார். எனக்கு அவர்மேல் மட்டும் கொஞ்சம் மரியாதை வந்தது. துக்க வீட்டுக்கு அன்று அதிகம் தேவைப்பட்டது தண்ணீர்தான். நானும் கும்பிடும் கை ஒன்று போட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டிலும் எனக்கு அந்த வியாதி தொற்றியிருந்தது. ஒருநாள் என் கணவர் முதுகுவலி என்றபோது, காய் நறுக்கிக்கொண்டே, “உங்க வருத்தம் எனக்குப் புரியுது” என்றேன். “என்ன, நான் கஸ்டமரா?” என்று கேட்டுவிட்டு அவரே போய் மருந்தைத் தேய்த்துக்கொண்டார்.

சித்திரையில், வைகாசிக் கல்யாணம் ஒன்றுக்காகப் புடவைக்கு லைனிங் துணி வாங்கப் பம்மலில் ஒரு மேட்சிங் சென்டருக்குப் போனேன். கவுன்டருக்குப் பின்னால் அவள் நின்றிருந்தாள். எனக்குத் திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. அவளோ, “வாங்க மேடம்” என்று முகம் மலர்ந்து, என் புடவையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நூறு துணிகளுக்கு நடுவிலிருந்து சரியானதை உருவினாள். ஒரு குத்தல் பேச்சு இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

துணியைக் கிழித்து மடித்துக்கொண்டே கேட்டாள். “மேடம், அந்தம்மாவுக்குப் பணம் வந்துடுச்சா?”

“எந்த அம்மா?” என்றேன்.

நடிக்கவில்லை. நிஜமாகவே கேட்டேன். நாற்பத்தொரு விநாடி என்பது நினைவில் இருந்தது, ஆள் நினைவில் இல்லை.

“அதான் மேடம், பஸ் நம்பர் அம்மா.”

“ஓ, அவங்களா? வந்துடுச்சு, வந்துடுச்சு” என்றேன்.

அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். வேலை போனவள், அந்த அழைப்பால்தான் போனவள், கையில் கத்திரிக்கோலோடு நின்று, “அப்பாடா!” என்று சிரித்தாள். “எனக்கு அதேதான் ரோசனையா இருந்துச்சு மேடம். அவங்க தனியா கீறாங்க.”

எனக்கு என்மேல் வந்த அருவருப்பு வீடு வரைக்கும் ஷேர் ஆட்டோவில் கூடவே வந்தது. மறுநாள் காலை போனதும் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரில் அந்த பாலிசியைத் தேடி எடுத்தேன். பணம் போகவில்லை. படிவத்தில் அந்த அம்மா கைநாட்டு வைத்திருக்கிறாள். கைநாட்டு வைத்தால் பக்கத்தில் பள்ளித் தலைமையாசிரியரோ வங்கி மேலாளரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லை. அதனால் நிறுத்திவைத்திருக்கிறார்கள். இந்தத் தகவலை ஒரு கடிதமாக அவளுக்கு அனுப்பியும் இருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவளுக்கு, ஆங்கிலத்தில்.

கார்த்திகையில் அவள் ஒருமுறை மறுபடி எங்களுக்கு போன் செய்ததும் பதிவாகியிருந்தது. கேட்டேன். வேறொரு பெண் எடுத்திருக்கிறாள். அருமையான குரல், சுத்தமான உச்சரிப்பு. வருத்தத்தை முழுமையாகப் புரிந்துகொண்டாள். “பாலிசிதாரரிடம் போனைக் கொடுக்க முடியுமா அம்மா?” என்று கேட்டாள். அந்தப் பக்கம் ஏழு விநாடி சத்தமில்லை. போன் வைக்கப்பட்டது. அதற்கப்புறம் அவள் அழைக்கவே இல்லை. அந்த அழைப்புக்குத் தொண்ணூற்றைந்து மார்க் போட்டிருந்தது. பெயரை ஒருமுறைதான் சொன்னாள் என்று ஐந்து குறைத்திருந்தது. குறைத்தவள் யார் என்று கீழே பார்த்தேன். நான்.

அலுவலகத்திலிருந்து நாங்களாக யாரையும் அழைக்கக் கூடாது. அந்த அம்மாவின் போன் நம்பரை யாருக்கும் தெரியாமல் கைக்குட்டை ஓரத்தில் எழுதிக்கொண்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டிலிருந்து என் போனில் பேசினேன். கம்பெனி பெயரைச் சொன்னதும், “அந்தப் பாப்பாவா?” என்றாள். இல்லை, அதோடு வேலை பார்த்தவள் என்றேன். கார்த்திகையில் பேசியதற்கு அப்புறம் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

“வேற ஒரு பொண்ணு எடுத்துச்சும்மா. போன அவருகிட்ட குடுங்கன்னுச்சு. கேட்டதும் நான் திரும்பிப் பாத்துட்டேன், அவரு எப்பவும் ஒக்கார்ற எடத்த. அதுக்கப்பறம் ஒங்களுக்கு போன் பண்ணவே பயமாப்போச்சு.”

அவள் அழுதாள். எனக்கு வாய் வரைக்கும் வந்தது அந்த வாக்கியம். பதினொரு வருஷப் பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். மேலே ஒரு விமானமும் போயிற்று. அப்புறம் சாட்சிக் கையெழுத்து விஷயத்தைச் சொன்னேன். “இவ்ளோதானா?” என்றாள். அவள் உள்ளூர்ப் பள்ளித் தலைமையாசிரியரைப் பிடித்துக் கையெழுத்து வாங்கி அனுப்ப நாலு நாள், கம்பெனிக்காரர்களை நான் நச்சரித்துப் பணத்தை அனுப்பவைக்க ஒரு மாதம். ஆனியில் அவள் கணக்குக்குப் பணம் போய்ச் சேர்ந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏதோ சாதித்துவிட்ட மிதப்பு. அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லி, பொய்யையும் தீர்த்து, கொஞ்சம் நல்ல பெயரும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று பம்மலுக்குப் போனேன். கடையில் கூட்டம் இல்லை.

“அன்னைக்கு உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். அப்ப பணம் வரலை. இப்பதான் வந்தது. நானே போன் பண்ணி, நானே பேசி வரவழைச்சேன்” என்றேன்.

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நன்றி சொல்வாள், இல்லை கோபித்துக்கொள்வாள் என்று இரண்டுக்கும் தயாராக நின்றேன்.

“அப்ப ஐப்பசிலேர்ந்து இத்தினி மாசம் அந்தம்மா சோத்துக்கு இன்னா பண்ணாங்க மேடம்?”

அதை நான் கேட்கவில்லை.